ஆந்தையும் ரொட்டியும்

வாசெத் நகர், ஆற்றின் மேற்குக் கரை, கல்வேலைக்காரர் ஊர்.
அறுவடைக் காலத்தின் கடைசி மாதம்.

சூரிய ஒளிவட்டத்தின் புதிய நகரில் அரசப் பணியில் இருக்கும் கற்சிற்பியும், சிறகு வேலையில் நிகரில்லாதவரும், என் இல்லத்தின் தலைவருமாகிய நெப்ரே அவர்களுக்கு, அவருடைய இல்லத்தரசி வெரெல் எழுதுவது.

வாழ்வும் வளமும் நலமும் தங்களை விட்டு அகலாதிருக்குமாக. அரியணைகளின் தலைவராகிய அமுனையும், அவர் தோளில் கை வைத்து நிற்கும் மூத் அன்னையையும், மேற்கு மலையில் உறையும் தெய்வங்கள் அனைவரையும் நாள்தோறும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். தாங்கள் உடல்நலத்தோடு இருக்கவேண்டும். நம் குழந்தை பிறப்பதற்கு முன் இந்த வாசலில் தங்கள் செருப்பைக் கழற்றவேண்டும். இவ்விரண்டைத் தவிர வேறெதையும் கேட்டு அவர்களைத் தொல்லைப்படுத்துவதில்லை.

தங்கள் கடிதமும், அதனோடு அனுப்பிய சுண்ணாம்புக்கல் சில்லும் தானியப் படகில் பழுதின்றி வந்து சேர்ந்தன. கடிதத்தை எனக்கு எவரும் படித்துக் காட்டவில்லை, நானே படித்தேன். தாங்கள் அறிந்த செய்தி எனினும் எழுதுகிறேன். இவ்வூரில் எழுத்தர் வீட்டுப் பெண்களும் தம் கணவரின் கடிதத்தைப் பிறர் வாயால் கேட்டே அறிகின்றனர். தாங்கள் வேலைக்களத்தில் எறிந்த கற்சில்லுகளைப் பொறுக்கி வந்து, அவற்றிலிருந்த எழுத்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நானே கற்றுக்கொண்டேன். கற்பித்தவர் ஒருவரும் இல்லாததால், என் எழுத்தில் பிழை இருந்தால் அது எனக்கே உரியது. பிழை இல்லாவிட்டால் அந்தப் பெருமையும் எனக்கே உரியது.

சில்லில் தாங்கள் வரைந்திருந்த அரசரின் உருவத்தைக் குறித்து என் கருத்தைக் கேட்டிருந்தீர்கள். அதை நான் பார்த்துக்கொண்டிருக்கையில் பக்கத்து வீட்டுத் தகாத் உள்ளே நுழைந்துவிட்டாள். நீண்ட முகத்தையும், ஒடுங்கிய தோளையும், இடுப்புத் துணிக்கு மேலே சரிந்து தொங்கும் வயிற்றையும் அவள் கண்டாள். கண்டதும், 'அடியே எழுத்துக்காரி, ராஜாவுக்கு எத்தனாவது மாசம்? உனக்கு முந்தியா பிந்தியா?' என்று கேட்டாள். இரு நாடுகளின் அதிபரைப் பற்றி அவ்வாறு பேசுவது தகாது என்று கண்டித்தேன். அவளோ, 'நானாடி பேசுறேன்? அந்த வயிறுல்ல பேசுது' என்று சொல்லிவிட்டு, நம் வெங்காயத்தில் இரண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன பின் நூலில் மை தோய்த்துச் சில்லின்மேல் கட்டம் போட்டுப் பார்த்தேன். உள்ளங்கால் முதல் நெற்றி வரை பதினெட்டுக் கட்டத்துள் அடங்குவதல்லவா அரசரின் உருவம்? இது அடங்கவில்லை, கழுத்து ஒருபுறமும் வயிறு ஒருபுறமும் வெளியே வழிந்தன. தாங்கள் தவறிழைத்ததாகச் சொல்லமாட்டேன். மேலதிகாரி அப்படித்தான் வரையச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பழகாத கண்ணின் குற்றமாகவே இதைக் கொள்க.

எனினும் ஓர் ஐயம் உண்டு. அரசர் மாறினால் தெய்வங்களின் முகமும் மாறும். புதியவரின் மூக்கும் உதடும் அமுனுக்கும் மூத் அன்னைக்கும் வந்துவிடும். அதனால்தான் எந்த மன்னர் காலத்துச் சுவரானாலும் தெய்வம் நமக்குத் தெரிந்த முகத்தோடு நம்மைப் பார்த்தது. இப்போது அரசர் தம் ஒரே தெய்வமாக்கி, தாங்கள் செதுக்குகிற சூரிய ஒளிவட்டத்துக்கு முகமே இல்லையே. கதிர்கள் இருக்கின்றன, ஒவ்வொரு கதிரின் முனையிலும் ஒரு கை இருக்கிறது, அந்தக் கைகள் அரசரின் மூக்கருகே உயிரின் குறியை நீட்டுகின்றன. எல்லாம் அழகு. ஆனால் காது எங்கே? நம் வாசலருகே இருக்கும் கல்லில் தங்கள் தந்தையார் தெய்வத்தின் காதுகளை மட்டுமே செதுக்கி வைத்திருக்கிறார். ஊர்ப் பெண்கள் எல்லாரும் அதில் வாய் வைத்துத்தான் தம் குறையைச் சொல்கின்றனர். கையுள்ள தெய்வம் கொடுக்கும். எதைக் கொடுக்கவேண்டும் என்பது காதுள்ள தெய்வத்துக்கு அல்லவா தெரியும்?

அந்தக் கதிர்களின் விரல்களைச் செதுக்கும் வேலை தங்களுக்கு வந்திருப்பதாக அறிந்தேன். விரலும் நன்றாகவே இருக்கிறது. ஆயினும் தங்கள் கை சிறகுக்கென்றே அமைந்த கை. நம் திருமணமான ஆண்டு, திருவிழாவின்போது கூட்டத்துக்கு நடுவே என்னை இழுத்துக்கொண்டு போய்க் கிழக்குக் கரைக் கோயிலின் வெளிச்சுவரைக் காட்டினீர்கள். அமுனின் பின்னால் மூத் அன்னை. அவள் தலைமேல் கழுகு. அதன் சிறகுகள் அவள் கன்னத்தின் இருபுறமும் வழிந்து இறங்குகின்றன. 'மூக்கும் உதடும் பெரிய சிற்பி வெட்டினது. கோடு அவரு தம்பி போட்டது. காதுக்குக் கீழ தொங்குது பாரு, அந்த இறகு மட்டும் நம்மளது' என்றீர்கள். 'என்னது' என்று சொல்லாமல் 'நம்மளது' என்று சொன்னது அன்று என் காதில் விழாததுபோல் நடந்துகொண்டேன். விழுந்தது.

இனி ஒரு பிழையைச் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது. பொறுத்தருள்க. 'நீ தாயாகும் நாளுக்கு முன் வந்துவிடுவேன்' என்று எழுதியிருந்தீர்கள். தாய் என்னும் சொல்லைக் கழுகு வரைந்து எழுதுவதே முறை. மூத் அன்னையின் பெயருக்கு எந்தக் கழுகோ அதே கழுகு. தாங்களோ கழுகை அறவே விட்டுவிட்டு, ஒலியை மட்டும் கூட்டி, ஓர் ஆந்தையையும் அதன் அருகே ஒரு ரொட்டியையும் எழுதியிருக்கிறீர்கள். வாசித்தால் ஓசை சரியாகவே வருகிறது. பார்த்தாலோ, நான் ஆந்தையாகவும் ரொட்டியாகவும் ஆகப்போவதாக அல்லவா பொருள்படுகிறது? வாழ்நாளெல்லாம் கழுகின் இறகைச் செதுக்கியவர் கழுகையே மறந்தார் என்றால், அந்த நகரத்து பீர் மிகவும் கடுமையானது போலும்.

இதைச் சிறிய செய்தியாக எண்ணவேண்டாம். இரண்டு முறை அந்தச் சொல் என் வாசல்வரை வந்து திரும்பிப் போயிற்று. இரண்டு முறையும் மருத்துவச்சி தலை குனிந்து வெளியேறினாள். நான் வெறுங்கையோடு எழுந்தேன். இம்முறை குழந்தை தலை திரும்பிவிட்டது என்கிறாள். இரவும் பகலும் உதைக்கிறது. ஆகையால் அந்தச் சொல் என்னிடம் வருகையில் முறையாக, தன் சிறகுகளோடு வரட்டும். கடிதத்தின் அடியில் கழுகைப் பெரிதாக எழுதிக் காட்டியிருக்கிறேன். பார்த்துப் பழகிக்கொள்க.

கல்தூசி மூக்கில் ஏறாதபடி துணி கட்டிக்கொள்க. வெள்ளம் ஏறுவதற்கு முன் விடுப்புக் கேட்டுப் பெறுக. திருத்தியதற்காகச் சினம் கொள்ளாமல், திருத்தியவளை நினைத்துக்கொள்க.

இப்படிக்கு,
தங்கள் வெரெல்.


மேற்குக் கரை.
வெள்ளக் காலத்தின் முதல் மாதம்.

என் இல்லத்தின் தலைவர் நெப்ரே அவர்களுக்கு வெரெல் எழுதுவது.

வாழ்வும் வளமும் நலமும் தங்களை விட்டு அகலாதிருக்குமாக. நாள்தோறும் வேண்டிக்கொண்டுதான் இருக்கிறேன். யாரை வேண்டுகிறேன் என்பதை இம்முறை எழுதவில்லை.

தங்கள் தோழர் கென்னா காலில் கல் விழுந்த காயத்தோடு ஊர் திரும்பியிருக்கிறார். படகிலிருந்து இறங்கியதும் தம் வீட்டுக்குப் போகாமல், நொண்டிக்கொண்டே நம் வாசலுக்கு வந்தார். 'அண்ணி, உங்க கடுதாசியைப் படிச்சதும் அண்ணன் என்ன செஞ்சாரு தெரியுமா? ஒரு சட்டி பீரை ஊத்தினாரு. கடுதாசிய அதுல போட்டு அலசினாரு. மை கரைஞ்சு கருகருன்னு வந்துச்சு. கண்ண மூடிக்கிட்டு ஒரே மடக்குல குடிச்சுட்டாரு' என்றார். காய்ச்சலுக்கு மந்திர எழுத்தைக் கழுவிக் குடிப்போரைக் கண்டிருக்கிறேன். மனைவியின் கடிதத்தைக் குடித்தவரைக் கேள்விப்பட்டதில்லை. அவ்வளவு அன்பா என்று நான் வெட்கப்பட்டு நின்றேன். கென்னா என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'அன்பு இல்ல அண்ணி, பயம். உங்க கழுகு யாரு கண்ணுலயும் படக்கூடாதுன்னு குடிச்சாரு' என்றார்.

அதன் பின்னரே விவரம் அறிந்தேன். அமுனின் பெயரும் உருவமும் எந்தக் கல்லிலும் இருக்கலாகாது. மூத் அன்னையின் பெயரும் அவ்வாறே. தெய்வங்கள் என்று பன்மையில் எழுதுவதும் குற்றம். அன்னையின் பெயரில் கழுகு இருப்பதால், தாய் என்னும் சொல்லுக்கும் இனிக் கழுகு இல்லை. ஆந்தையும் ரொட்டியும் தங்கள் பிழை அல்ல; அரச ஆணை. நான் அதைத் திருத்தி, போதாக்குறைக்கு விலக்கப்பட்ட பறவையைப் பெரிதாக எழுதி, பார்த்துப் பழகிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாள் வேறொருவர் கையில் அகப்பட்டிருந்தால் தங்கள் மூக்கு தங்கள் முகத்தில் இருந்திருக்காது. இதை எண்ணும்போதெல்லாம் எழுந்துபோய் வாசல் தாழைச் சரிபார்க்கிறேன். வயிற்றிலிருப்பதும் என்னோடு சேர்ந்து விழித்துக்கொண்டு உதைக்கிறது.

ஆணை இங்கும் வந்துவிட்டது. சென்ற வாரம், விலக்கிய பெயர்களைக் கொத்தி அழிக்கும் உளிக்கூட்டம் ஒன்று நம் மலைச்சரிவுக் கல்லறைகளில் இறங்கியது. அவர்களுள் பெரும்பாலோர்க்கு எழுத்துத் தெரியாது. வெட்டவேண்டிய வடிவங்களை ஒரு சில்லில் வரைந்து கொடுத்திருக்கிறார்கள். அதைச் சுவரோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்திருந்தால் வெட்டுகிறார்கள். இறைச்சிக்காரர் பேனு தம் தாயாருக்கு வைத்த கல்லில் 'அவள் மகன் பேனு தன் தாய்க்குச் செய்து வைத்தது' என்று இருந்ததல்லவா? கழுகை வெட்டினார்கள். அத்தோடு நிற்கவில்லை. மகன் என்னும் சொல்லில் வாத்து இருக்கிறதே, அதையும் கழுகு என்று எண்ணி வெட்டிவிட்டார்கள். இப்போது அந்தக் கல்லில் மகனும் இல்லை, தாயும் இல்லை; செய்து வைத்தது என்பது மட்டும் இருக்கிறது. பேனு அதன் எதிரே அமர்ந்து குழந்தைபோல் அழுதார். தகாத் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து என்னிடம், 'இனிமே இந்த ஊர்ல எல்லாரும் அப்பன் வயித்துல பொறந்தவங்கதான்டி. ராஜா வயித்தப் பார்த்தப்பவே எனக்குச் சந்தேகம்' என்றாள். சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

தாங்கள் கென்னாவிடம் சொல்லி அனுப்பிய செய்தி வந்து சேர்ந்தது. அவர் அதைச் சொன்ன முறையையும் எழுதுகிறேன். 'அண்ணன் சொல்லச் சொன்னாரு, நான் வர்றேன்னு. எதுக்கு வர்றேன்னு மட்டும் சொல்லாதேன்னாரு. பெரிய கோயில் செவுத்துல மூத் எங்கெங்க இருக்கா, ஒவ்வொரு இறகும் எங்க இருக்குன்னு அண்ணனுக்குத்தான் தெரியும்னு உளிக்கூட்டத்துல சேர்த்துட்டாங்க அண்ணி' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். இரகசியம் ஏதேனும் இருந்தால் இனி அவரிடம் சொல்லி அனுப்பாதிருப்பது நலம்.

ஆக, வருகிறீர்கள். குழந்தை பிறக்கும் முன் தங்களை இக்கரைக்குக் கொண்டுவந்து சேர்க்குமாறு நான் யாரிடம் வாசற்கல்லின் காதில் வாய் வைத்து மன்றாடினேனோ, அவளை வெட்டுவதற்காக வருகிறீர்கள். அவள் என் வேண்டுதலைக் கேட்டுவிட்டாள். எந்த வழியில் நிறைவேற்றுவது என்பதையும் அவளே தேர்ந்துகொண்டாள். இதை எண்ணி அழுவதா, அவளுடைய தாராளத்தை வியப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்துகொண்டிருக்கிறேன்.

மறுத்துவிடுங்கள் என்று எழுதமாட்டேன். மறுத்தவர்கள் பாலைவனக் கற்சுரங்கத்துக்குப் போயிருக்கிறார்கள். அங்கிருந்து எவரும் குழந்தையின் முகம் பார்க்க வந்ததில்லை. எனக்குத் தாங்கள் உயிரோடு வேண்டும், மூக்கோடும் வேண்டும். ஒன்று மட்டும் கேட்கிறேன். வெட்டு என்பது ஆணை. எவ்வளவு ஆழம் என்பது கையின் முடிவு. சாரத்தின் கீழே நிற்கும் மேற்பார்வையாளருக்குச் சத்தம் கேட்கும், தூசி தெரியும். உளியின் நுனி கல்லுக்குள் எவ்வளவு இறங்கிற்று என்பது தங்களுக்கும் கல்லுக்கும் மட்டுமே தெரியும். மேலோடு போகட்டும். கல்லின் உள்ளே கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும். ஒரு நாள் வேறு ஒரு கை அதைத் தடவிப் பார்த்து, இங்கே ஓர் இறகு இருந்தது என்று கண்டுபிடிக்கட்டும்.

இந்தக் கடிதத்தில் தாய் என்று வரும் இடங்களில் எல்லாம் ஆந்தையையே அமர்த்தியிருக்கிறேன். கை கூசியது, எனினும் எழுதினேன். ஆந்தைக்கும் இறகு உண்டு என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். விலக்கிய பெயர்களைச் சொல்லாமல் விவரம் எழுத வழியில்லை; ஆகவே படித்து முடித்ததும் இதையும் அலசிக் குடித்துவிடுக. தங்களுக்குப் பழகியதுதானே. பீர் பழையதாக இருந்தால் பேரீச்சம்பழம் கொஞ்சம் கரைத்துக்கொள்க. என் மை கசக்கும்.

மருத்துவச்சி நாள் நெருங்கிவிட்டது என்கிறாள். பேற்றுக்கு உட்காரும் செங்கற்களைத் தகாத் கழுவி வெயிலில் வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் வருகையை வாசலில் நின்று நோக்கும் வெரெல்.


மேற்குக் கரை.
வெள்ளக் காலத்தின் இரண்டாம் மாதம்.

கிழக்குக் கரையில், கோயிலுக்குப் பின்னாலுள்ள உளிக்கூட்டத்தின் கூடாரத்தில் இருக்கும் நெப்ரே அவர்களுக்கு.

கென்னா சொல்லியிருப்பார்; எனினும் முதலில் அறியவேண்டியதை என் கையாலும் முதலிலேயே எழுதுகிறேன். பிறந்துவிட்டது. பெண். உயிரோடு இருக்கிறாள். நானும் இருக்கிறேன்.

இப்போது அமர்ந்து மெல்லப் படியுங்கள்.

பேறு நீண்டது. முதுகைத் தகாத் தாங்கினாள். மருத்துவச்சி முன்னால் இருந்தாள். சுவரில் பேறுகாலத்தைக் காக்கும் நீர்யானை அன்னையின் படம் இருந்தது. அதை வெட்டச் சொல்லி இதுவரை எவரும் வரவில்லை. இடையில் எனக்கு மூச்சு நின்றுவிட்டதென்று தகாத் பயந்து, 'அடியே எழுத்துக்காரி, கண்ணத் தொறடி! இந்த ஊருக்குக் கடுதாசி படிக்க வேற யாருடி இருக்கா? உன் புருஷன் எழுதுற கோழிக் கிறுக்கல நானா படிப்பேன்?' என்று என் கன்னத்தில் அறைந்தாள். அந்த அறையில்தான் மூச்சு வந்தது. கன்னம் இன்னும் வீங்கியிருக்கிறது. தாங்கள் அவளுக்கு நன்றி சொல்லவேண்டும்.

பிள்ளை வெளிவரும் கணத்தில் பெற்றவள் வாயிலிருந்து எது வருகிறதோ அதுவே அதன் பெயர் என்பதும், பெயரில்லாமல் பிறப்பது தங்காது என்பதும் தாங்கள் அறிந்தவையே. முந்தைய இருமுறையும் என் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. இம்முறை வந்தது. ஊரே கேட்குமளவு கத்தினேன். கத்திய பிறகே என்ன கத்தினேன் என்பது எனக்கு உறைத்தது. அறையில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மருத்துவச்சி குழந்தையைத் துடைத்துக்கொண்டே, 'எனக்கு ரெண்டு காதும் மந்தம்மா. தலைமுறை தலைமுறையா மந்தம்' என்றாள். தகாத் மட்டும் என்னிடம் குனிந்து, 'ஏன்டி, கத்துறதுக்கு உனக்கு வேற சாமியே கெடைக்கலியா?' என்று கேட்டுவிட்டு, என்னைவிடப் பெரிதாக அழுதாள். வாசலில் வந்து கேட்போருக்கு அவளே பதில் சொல்கிறாள். பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்டால், 'ஆந்தைன்னு வெச்சிருக்கோம், ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கா' என்கிறாள். அது பொய்யும் அல்ல.

தங்களைப் போலவே அகன்ற பாதங்கள். என் நெற்றி. மூக்கு எவருடையது என்று சொல்லத் தெரியவில்லை. நிச்சயமாக அரசருடையது அல்ல.

கென்னா அங்கே வந்து போவதைத் தாங்கள் அறிவீர்கள். தங்களைச் சாரத்தின்மேல் கண்டதாகச் சொன்னார். கீழே நின்ற மேற்பார்வையாளர் தங்களை, 'டேய் சிறகு! கல்ல வெட்டுறியா, தடவிக் குடுக்குறியா?' என்று ஏசினாராம். 'சத்தம் பெருசா வருது அண்ணி, ஆனா கீழ விழுற சில்லு சிறுசு. அதுக்காகவே அண்ணன் ஓங்கி ஓங்கி அடிச்சாரு' என்றார் கென்னா. முகத்தை வேறொருவன் வெட்டினான் என்பதையும், பெயரை மற்றொருவன் வெட்டினான் என்பதையும், இரண்டும் போய்விட்டன என்பதையும் அவர் மறைக்கவில்லை. பிறகு, 'காலையில வெயில் சாய்ஞ்சு விழும் பாருங்க, அப்ப மட்டும் காதுக்குக் கீழ இறகு தெரியுது. கோடு கோடா. வெயில் ஏறினா காணாமப் போயிடுது' என்றார். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அவர் கடைசியாகச் சொன்ன செய்திக்காகவே இதை எழுதுகிறேன். கூட்டத்திலுள்ள இக்கரைக்காரர் எல்லாரும் விடுப்பு நாளில் படகேறி வீட்டுக்கு வந்து போகிறார்கள். தாங்கள் மட்டும் வருவதில்லை. படகு புறப்படும்வரை கரையில் நிற்கிறீர்களாம். புறப்பட்டதும் திரும்பிக் கூடாரத்துக்குப் போய்விடுகிறீர்களாம். ஏன் என்று கேட்டதற்கு, 'அவ புள்ளைக்காகச் செங்கல்லு மேல உட்கார்ந்திருந்த அன்னிக்கு நான் எங்க உட்கார்ந்து யாரை வெட்டிட்டிருந்தேன்னு உனக்குத் தெரியும்ல? எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?' என்றீர்களாம்.

நெப்ரே, கேளுங்கள். நான் வழக்கமாக எழுதுவதுபோல் இந்தப் பகுதியை எழுத இயலவில்லை. சொற்கள் வரிசையில் நிற்க மறுக்கின்றன.

எந்த மூஞ்சியோ அதையே எடுத்துக்கொண்டு வாருங்கள். தூசி படிந்திருந்தால் படிந்தபடியே வாருங்கள். அவளுக்கு இன்னும் எதையும் அடையாளம் தெரியாது. எந்த முகம் முதலில் நெருங்குகிறதோ அதைத்தான் தந்தை என்று எடுத்துக்கொள்வாள். தகாத்தின் கணவர் தினமும் வந்து எட்டிப் பார்க்கிறார். தாமதித்தால் அந்த இடம் அவருக்குப் போய்விடும். போதாக்குறைக்கு அவருக்குப் பல்லும் இல்லை.

தங்கள் கைகளைப் பற்றி எதுவும் கேட்கமாட்டேன். சுவரைப் பற்றியும் கேட்கமாட்டேன். தாங்களாகச் சொன்னால் கேட்பேன். சொல்லாவிட்டாலும் சோறு போடுவேன். பருப்புக் கஞ்சியும் கருவாடும் இருக்கின்றன. கை கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்கவேண்டும் என்று மருத்துவச்சி சொல்கிறாள். எல்லாத் தந்தையர்க்கும் அவள் சொல்வது அது. வெள்ளம் நம் கீழ்த்தோட்டம் வரை வந்திருக்கிறது. எத்தனை கைகள் வந்தாலும் கழுவுவதற்கு இவ்வாண்டு தண்ணீருக்குக் குறைவில்லை.

அவள் பெயரை இந்தக் கடிதத்தில் தேடாதீர்கள். எழுதவில்லை. எழுதினால் யாரேனும் வந்து வெட்டுவார்கள். ஆந்தையை வைத்து எழுதவோ எனக்கு மனம் இல்லை. வாயால் மட்டுமே சொல்லலாம், அதுவும் அருகில் இருப்பவரிடம் மட்டுமே சொல்லலாம்.

அடுத்த படகில் வாருங்கள். காதில் சொல்கிறேன்.

வெரெல்.